துண்டுக்குள் விரல்கள்

சூரமங்கலத்தில் இருக்கும் சேலம் ஜங்ஷனிலிருந்து நாமக்கல் சாலையில் தெற்கே போனால் புதன்சந்தை வரும். மாட்டுச் சந்தைக்குப் பேர்போன ஊர். கேரளத்து வியாபாரிகள் லாரியோடு வந்து நிற்கும் இடம். இந்த மாதிரிச் சந்தைகளில் விலை பேசும் முறையை முதல்முறை பார்ப்பவர் திகைத்துப்போவார். தரகர் வியாபாரியின் கையைப் பிடிக்கிறார். இருவர் கைமேலும் ஒரு துண்டு விழுகிறது. வாய் அசையாது. துண்டுக்கு அடியில் விரல்கள் பேசும். எத்தனை விரலைப் பிடித்தார், எப்படி அழுத்தினார் என்பதிலேயே ஆயிரமும் ஐந்நூறும் அடங்கிவிடும். ஒருவர் தலையை ஆட்டிக் கையை உதறுவார், மறுபடி துண்டு விழும். சுற்றி ஐம்பது பேர் நின்று பார்த்தாலும் விலை அந்த இருவருக்கு மட்டும்தான்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைகள் பல உண்டு. வெள்ளியும் தங்கமும் புழங்கும் தொழிலில் தங்களுக்குள் மட்டும் புரியும் சொல் வைத்துக்கொள்வது பழைய பழக்கம். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பார்கள் என்று நன்னூல் உரைகள் உதாரணம் காட்டுகின்றன. அதற்குப் பெயர் குழூஉக்குறி. இலக்கணம் அதை எந்த வரிசையில் வைத்தது என்பது கவனிக்க வேண்டிய சங்கதி. இடக்கரடக்கல், மங்கலம் ஆகிய இரண்டோடு சேர்த்து அதைத் ‘தகுதி வழக்கு’ என்றது. பிறருக்குப் புரியாமல் பேசுவது பொய்யில் சேராது, தகுதியில் சேரும் என்பது நன்னூல் எழுதிய பவணந்தியார் காலத்துத் தமிழின் தீர்ப்பு.

மின்னஞ்சலைப் பூட்டி அனுப்பும் ஒரு சின்ன மென்பொருளைப் பற்றிப் பேசும்போது இந்தத் தீர்ப்பு நினைவுக்கு வர வேண்டும். ஏனென்றால் அந்தப் பேச்சு எடுத்ததுமே எழும் கேள்வி தொழில்நுட்பக் கேள்வி அல்ல. “மடியில் கனம் இல்லாதவனுக்கு வழியில் என்ன பயம்?” என்பதுதான் அது. கேட்பவர் சாதாரண ஆள் இல்லை. நம் ஒவ்வொருவருக்குள்ளும் இருக்கும் நல்ல பிள்ளை. கடவுள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளை.

முதலில் பூட்டு. ஜங்ஷன் என்றாலே தபால் மூட்டை ஏறி இறங்கும் இடமாக இருந்த காலத்தில், ஊர் நாட்டுக்கு முக்கியமாக இரண்டு வகைக் கடிதம் தெரியும். 1879ல் இந்தியாவுக்கு வந்த தபால் கார்டு ஒன்று. 1950ல் வந்த இன்லண்ட் லெட்டர் மற்றொன்று. கல்யாணக் கடிதத்தின் மூலைகளில் மஞ்சள் தடவினார்கள். சாவுச் செய்தி வந்த கார்டைப் படித்த கையோடு கிழித்துப்போட்டார்கள். கார்டில் எழுதியதைத் தபால்காரர் படிப்பார் என்று எல்லோருக்கும் தெரியும். பல வீடுகளில் அவர்தான் படித்தும் காட்டினார். மகளின் மாமியார் வீட்டுச் சங்கடமோ கடன் பேச்சோ இருந்தால் இன்லண்டில் எழுதி மடித்து ஒட்டினார்கள். ஒட்டியதை யாராவது பிரித்திருந்தால் தடம் காட்டிக்கொடுத்துவிடும்.

மின்னஞ்சல் பார்ப்பதற்கு இன்லண்ட் மாதிரி, நடைமுறையில் கார்டு. இன்று வழிப்பயணத்தில் அதற்குக் காவல் இருக்கிறது. நம் கணினிக்கும் மின்னஞ்சல் தரும் கம்பெனியின் சர்வருக்கும் நடுவில் இருப்பவர் படிக்க முடியாது. ஆனால் சர்வரில் போய் இறங்கியதும் அந்தக் கம்பெனியால் அதைத் திறந்து படிக்க முடியும். 2004 ஏப்ரலில் தொடங்கிய ஜிமெயில், கடிதங்களின் சொற்களைக் கணினியால் துழாவி அதற்கேற்ற விளம்பரம் காட்டியது. விளம்பரத்துக்காக அப்படித் துழாவுவதை நிறுத்தப்போவதாக கூகுள் அறிவித்தது 2017ல்தான். பதிமூன்று ஆண்டுகளாகக் கோடிக்கணக்கான மடல்கள் இப்படித் துழாவப்பட்டன. பிரித்த தடம் எங்கும் இல்லை.

இதற்கு மாற்றாக வந்தவற்றுள் ஒன்று மெயில்வெலோப். ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரத்துக்காரர் தாமஸ் ஓபர்ன்டோர்ஃபர் 2012ல் வெளியிட்ட பிரவுசர் நீட்சி. குரோம், ஃபயர்ஃபாக்ஸ் போன்ற பிரவுசரில் இலவசமாகச் சேர்த்துக்கொள்ளலாம். வழக்கமான மெயில் பக்கத்திலேயே தனியாக ஒரு பெட்டி திறக்கும். அதில் எழுதியதைப் பூட்டிய பிறகே கம்பெனியிடம் கொடுக்கும். கம்பெனியின் சர்வரில் இருப்பது அர்த்தமில்லாத எழுத்துக் குவியல் மட்டும். பெறுபவரின் கணினியில்தான் அது மறுபடி கடிதமாகும்.

பூட்டும் விதத்தைத் திண்டுக்கல் பூட்டை வைத்துச் சொன்னால் எளிது. ஒருவர் நூறு பூட்டு செய்கிறார். எல்லாவற்றுக்கும் ஒரே சாவி, அது அவர் மடியில். பூட்டுகளை மட்டும் திறந்தபடியே ஊர் முழுக்கக் கொடுத்துவைக்கிறார். அவருக்கு எதையாவது அனுப்ப நினைப்பவர் பெட்டியில் வைத்து அந்தப் பூட்டை அழுத்தினால் போதும். அழுத்திய பிறகு, அழுத்தியவராலேயே திறக்க முடியாது. ஊருக்குக் கொடுத்தது பொதுச் சாவி எனப்படுகிறது, மடியில் இருப்பது தனிச் சாவி. இந்த யோசனையை விட்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் 1976ல் வெளியிட்டார்கள். அதைச் சாதாரண மனிதர்களின் கடிதத்துக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கர் ஃபில் சிம்மர்மன், 1991ல் பி.ஜி.பி. என்ற பெயரில் இலவசமாக வெளியிட்டார். மெயில்வெலோப் பின்பற்றுவது அந்த முறையைத்தான்.

பூட்டாத இடமும் உண்டு. யார், யாருக்கு, எப்போது அனுப்பினார் என்பது வெளியே தெரியும். மடலின் தலைப்பு வரியும் பொதுவாகத் தெரியும். துண்டுக்குள் விலை மறைந்தாலும் யார் யாரோடு கை கோத்து நிற்கிறார் என்பதைச் சந்தையே பார்ப்பது போலத்தான்.

இனி அந்த நல்ல பிள்ளையின் கேள்வி. தெய்வத்துக்குத் தெரியாமல் எதுவும் இல்லை என்றால், மனிதருக்குத் தெரியாமல் வைத்துக்கொள்ள என்ன நியாயம்?

காஞ்சிபுரத்தில் சித்திரகுப்தனுக்குத் தனிக் கோயில் இருக்கிறது. சித்ரா பௌர்ணமிக்கு அவரை நினைத்து நோட்டும் பேனாவும் வைத்துக் கும்பிடும் வீடுகள் தமிழ்நாட்டில் உண்டு. மனிதர் செய்யும் ஒவ்வொன்றையும் எழுதிவைக்கும் கணக்கர் அவர். எதையும் விடாமல் பதிவு செய்யும் ஏற்பாடு என்ற அளவில் இன்றைய சர்வர்களுக்கு முன்னோடி என்று யாருக்கும் தோன்றும். ஆனால் அவர் பெயரிலேயே ‘குப்தம்’ இருக்கிறது. மறைவு என்று பொருள். அவருடைய ஏடு எமனுக்கு மட்டும் விரிகிறது, அதுவும் ஆயுள் முடிந்த பிறகு. பக்கத்து வீட்டுக்காரருக்கு அவர் படித்துக் காட்டியதாகக் கதை இல்லை. விளம்பரக்காரருக்கு விற்றதாகவும் இல்லை. எல்லாம் தெரிந்த ஒருவரைக் கற்பனை செய்த மரபு, அந்தத் தெரிதலுக்கு இவ்வளவு கட்டுக்காவலையும் சேர்த்தே கற்பனை செய்திருக்கிறது.

இஸ்லாம் இதை இன்னும் நேராகச் சொல்கிறது. ஒருவர் குறையைத் துருவி உளவு பார்ப்பதைக் குர்ஆன் 49ஆம் அத்தியாயத்தில் தடுக்கிறது. அனுமதி கேட்காமல் பிறர் வீட்டுக்குள் நுழைவதை 24ஆம் அத்தியாயத்தில் தடுக்கிறது. கலீஃபா உமரைப் பற்றி இஸ்லாமிய நூல்களில் வழங்கிவரும் ஒரு செய்தி இந்தக் கட்டுரையின் கேள்விக்கென்றே வாய்த்தது போலிருக்கிறது. இரவில் ஒரு வீட்டிலிருந்து கூத்துச் சத்தம் கேட்டுச் சுவரேறிக் குதித்து, உள்ளே தவறு செய்தவரைப் பிடிக்கிறார் உமர். அந்த மனிதர் பதில் சொல்கிறார்: நான் செய்த பாவம் ஒன்று; நீங்கள் செய்தது மூன்று. உளவு பார்த்தீர்கள், வாசல் வழியே வரவில்லை, அனுமதி கேட்டு சலாம் சொல்லவில்லை. ஆட்சியின் உச்சியில் இருந்தவர் அதை ஏற்று, இனித் திருந்துவதாகச் சொன்னவரை விட்டுவிட்டுத் திரும்பினார் என்று அந்தச் செய்தி முடிகிறது.

கத்தோலிக்கத் திருச்சபையிலோ பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வெளியே சொல்லும் குருவுக்குத் தண்டனை, திருச்சபையிலிருந்தே தானாக விலக்கப்பட்டுவிடுவது. நீதிமன்றம் கேட்டாலும் உயிருக்கே ஆபத்து என்றாலும் அவர் வாய் திறக்கக்கூடாது. சேலம் மறைமாவட்டம் 1930ல் உருவானது. அன்றிலிருந்து இங்குள்ள கோயில்களில் மரத் தட்டிக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் பேசப்பட்டவை அந்தத் தட்டியோடு நின்றிருக்க வேண்டும் என்பதே அதன் சட்டம். கடவுளிடம் எதையும் மறைக்க முடியாது என்று போதிக்கிற அதே சமயம், மனிதக் காதுகளிடமிருந்து மறைப்பதை இத்தனை கடுமையாகக் காக்கிறது.

மூன்றும் வெவ்வேறு மொழி பேசினாலும் ஒரு புள்ளியில் சந்திக்கின்றன. இதயத்தைத் திறந்து பார்க்கும் உரிமை ஒருவருக்கு மட்டும் கொடுக்கப்பட்டிருக்கிறது. அந்த ஒருவர் மனிதர் அல்லர். கடவுள் பார்க்கிறாரே, கம்பெனி பார்த்தால் என்ன, அரசு பார்த்தால் என்ன என்று கேட்பவர், பக்தியின் பெயரால் ஒரு நாற்காலியை ஆள் மாற்றிப் போடுகிறார்.

இதற்கு எதிர்ச்சாட்சியும் நம் ஊரிலேயே இருக்கிறது, அதுவும் மிகப் பெரிய சாட்சி. சிவகங்கைச் சீமைத் திருக்கோஷ்டியூரில் நம்பி என்ற குருவிடம் மறைபொருள் கேட்கத் திருவரங்கத்திலிருந்து ராமானுஜர் பதினெட்டு முறை நடந்ததாக வைணவ மரபு சொல்கிறது. யாருக்கும் சொல்லக்கூடாது, சொன்னால் நரகம் என்ற நிபந்தனையோடு பெற்றதை, கோயிலில் ஏறி நின்று எல்லோருக்கும் சொன்னார். ஏறியது கோபுரமா விமானமா, சொன்னது எட்டெழுத்தா கீதையின் சரம சுலோகப் பொருளா என்பதில் நூலுக்கு நூல் வேறுபாடு உண்டு. எல்லோரும் கரையேற நான் ஒருவன் நரகம் போனால் போகட்டும் என்ற அவருடைய பதிலில் மட்டும் வேறுபாடு இல்லை. தமிழர் வேதத்துக்கு வைத்த பெயரே ‘மறை’. இன்று கணினித் தமிழில் பூட்டுவதற்கு ‘மறையாக்கம்’ என்கிறோம். ராமானுஜர் மறையைத் திறந்தவர் என்றால், மறையாக்கத்தின் பக்கம் நிற்பவர் அவருக்கு எதிர்ப்பக்கமா?

பதிலுக்கு முன் பக்கத்திலேயே இன்னொரு மறைப்பைப் பார்க்கலாம். சூரமங்கலத்திலிருந்து இளம்பிள்ளைப் பக்கம் போனால் கஞ்சமலை. இரும்புத் தாது நிறைந்த மலை. அடிவாரத்தில் சித்தர் கோயில். அமாவாசைக்கு அமாவாசை கூட்டம் அலைமோதும். சமைக்கும் சோற்றை ஒரு மூலிகைக் குச்சியால் சித்தர் ஒருவரின் சீடர் கிளற, சோறு கறுத்தது, அதை உண்ட சீடர் இளைஞரானார் என்பது இந்த மலையின் கதை. சித்த மருத்துவம் தன் செய்முறைகளைப் பரிபாஷையில் எழுதிவைத்தது. ஒரு சொல்லுக்கு வெளிப்பொருள் ஒன்று, குருவிடம் கேட்டவருக்கு வேறொன்று. தகாதவர் கையில் போகாமல் காத்தது அது. சொல்லாமலே போய்ச்சேர்ந்த வைத்தியரோடு மருந்தும் போய்ச்சேர்ந்த துயரமும் அதனால் வந்ததுதான்.

புதன்சந்தைத் துண்டுக்கும் இப்படி ஒரு மறுபக்கம் இருக்கிறது. துண்டுக்குள் இரண்டு தரகர்கள் கை கோத்து, மாட்டை வளர்த்த விவசாயி வெளியே நிற்கும் நேரமும் உண்டு. தன் மாடு எவ்வளவுக்குப் போனது என்று அவருக்கே தெரியாது. சந்தைக்கு வரும் விவசாயிகளின் பழைய குறை இது.

ஆக, மறைப்பு இரண்டு வகை. வலியவர் எளியவரிடமிருந்து அறிவை மறைப்பது ஒன்று. எளியவர் வலியவரிடமிருந்து தன் மனதை மறைப்பது இன்னொன்று. ராமானுஜர் உடைத்தது முதல் வகையை. ஒரு சீடன் தனிமையில் சொன்ன குறையை அவர் கோபுரமேறிக் கூவவில்லை. கூவியிருந்தால் அந்தக் கதையை ஆயிரம் ஆண்டாக யாரும் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

பூட்டுக்கலையும் இதே பிரிவினையின் மேல்தான் நிற்கிறது. பூட்டு செய்யும் முறை ஊரறிந்ததாக இருக்கட்டும், சாவி மட்டும் மறைவாக இருக்கட்டும் என்று 1883லேயே மறையாக்க அறிஞர் அகுஸ்ட் கெர்க்ஹோஃப்ஸ் எழுதினார். மெயில்வெலோப்பின் மூல நிரல் திறந்து கிடக்கிறது, தெரிந்தவர் யாரும் படித்துக் குறை கண்டுபிடிக்கலாம். சிம்மர்மன் தன் முறையை ஊருக்குக் கொடுத்ததற்காக, ஆயுத ஏற்றுமதிச் சட்டத்தை மீறினாரா என்று அமெரிக்க அரசு 1993 முதல் 1996 வரை விசாரித்தது. வழக்குப் போடாமலே கைவிட்டது. அவரும் கோபுரம் ஏறியவர்தான். ஏறிச் சொன்னது, ஒவ்வொருவரும் தம் மனதைத் தாமே பூட்டிக்கொள்ளும் வழியை.

அரசின் பக்கத்து நியாயத்தைக் கேட்காமல் விட முடியாது. வள்ளுவர் ஒற்றாடலுக்கென்றே 59ஆம் அதிகாரத்தை ஒதுக்கினார். பகைவரை மட்டுமல்ல, தன் கீழ் வேலை செய்பவரையும் சுற்றத்தையும்கூடக் கண்காணிப்பதை ஒற்றனின் வேலையாகச் சொன்னார். குற்றவாளியும் பூட்டைப் பயன்படுத்துகிறான். உருமாற்றிய படங்களை இணையத்தில் பரப்பிப் பெண்களைச் சாவுவரை துரத்தியவர்கள் இந்த மாவட்டத்திலும் உண்டு; பெற்ற பிள்ளையை அப்படி இழந்தவர்களிடம் போய் அந்தரங்க உரிமை பேசுவது எளிதல்ல. இணையவழித் துன்புறுத்தலைத் தடுக்கச் சமூக ஊடகக் கணக்குகளை அரசு அடையாள அட்டையோடு இணைக்கக் கேட்டு 2018ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு மனுக்கள் போயின. வழக்கு நடக்க நடக்க, வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியை முதலில் அனுப்பியவர் யார் என்று கண்டுபிடிக்க முடியுமா என்ற கேள்வியாக அது மாறியது. முடியும் என்று சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் வி. காமகோடி யோசனை கொடுத்தார். அதில் குறை கண்டு மும்பை ஐ.ஐ.டி. பேராசிரியர் மனோஜ் பிரபாகரன் மறுத்தார். வழக்கு பிறகு உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது.

அதற்கு முன்பே, 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்புச் சொல்லியிருந்தார்கள். ஆனால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆம் பிரிவு இன்னும் இருக்கிறது. அதிகாரம் பெற்றவர் கேட்கும்போது பூட்டைத் திறக்க உதவாதவருக்கு ஏழு ஆண்டு வரை சிறை. 2015 செப்டம்பரில் வந்த மறையாக்கக் கொள்கை வரைவு, குடிமக்கள் பூட்டி அனுப்பிய செய்திகளின் பூட்டாத நகலை 90 நாள் வைத்திருக்க வேண்டும் என்றது. எதிர்ப்பு கிளம்பியதும் செப்டம்பர் 22 அன்று திரும்பப் பெறப்பட்டது. இன்னும் பின்னே போனால் 1986. தபாலைப் பிரித்துப் பார்க்கும் அதிகாரத்தை விரிவாக்கி நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதாவில் குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் கையெழுத்துப் போடவும் இல்லை, திருப்பி அனுப்பவும் இல்லை. அடுத்து வந்த தமிழர் ஆர். வெங்கட்ராமன் திருப்பி அனுப்பினார். அது சட்டமாக ஆகவே இல்லை. அஞ்சலைப் பிரிக்கும் அதிகாரத்தோடு புதிய அஞ்சல் அலுவலகச் சட்டம் 2023ல் நிறைவேறி, 2024 ஜூனில் நடைமுறைக்கு வந்தது.

திறக்கவே கூடாது என்று வாதிடுவது நேர்மையாகாது. கேட்க வேண்டியது, திறப்பவர் என்ன விலை கொடுக்கிறார் என்பதை. ராமானுஜர் திறந்தபோது எல்லோரும் பார்க்க, நரகத்தைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டு திறந்தார். உமர் தன் மூன்று பாவத்தை அங்கேயே ஒப்புக்கொண்டார். இந்தியாவில் ஒருவருடைய செய்தி இடைமறித்துப் படிக்கப்பட்டால், வழக்கே இல்லாமல் கோப்பு மூடப்பட்ட பிறகும்கூட, அதை அவருக்குச் சொல்ல வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. படிக்கலாமா என்று தீர்மானிப்பவரும் அதிகாரி, அது சரிதானா என்று பிறகு சரிபார்க்கும் குழுவில் இருப்பவர்களும் அதிகாரிகள். சாமானியர் மறைத்தால் சந்தேகம், அவருடையதைத் திறப்பது மட்டும் ரகசியம். இன்லண்ட் லெட்டரில் பிரித்த தடமாவது இருந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் பூட்டுபவர்கள் மிகக் குறைவு. காரணம் பயமோ தத்துவமோ இல்லை, கஷ்டம். அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015ல் இருபது பேரை இருவர் இருவராகப் பத்து ஜோடி சேர்த்து மெயில்வெலோப்பைக் கொடுத்தார்கள். ஒரு மணி நேரத்தில் பூட்டிய மடலைச் சரியாகப் பரிமாறிக்கொண்டது ஒரே ஒரு ஜோடி. மற்றவர்கள் செய்த தவறுகளில் அடிக்கடி நேர்ந்தது, அனுப்புபவர் தன் பூட்டைப் போட்டே மற்றவருக்கு அனுப்பியது. வந்த பெட்டியைத் திறக்கப் பெற்றவரிடம் சாவி கிடையாது. மனதைத் திறக்க நினைத்து, தனக்கு மட்டும் புரிகிற மாதிரி பேசிவிடும் மனிதரை எந்த வீட்டிலும் பார்க்கலாம்.

இன்னொரு கஷ்டம் ஈடு செய்ய முடியாதது. தனிச் சாவி தொலைந்தாலோ அதன் கடவுச்சொல் மறந்தாலோ கம்பெனிக்கு எழுதிப்போட்டு மீட்க வழியில்லை. ஒருவர் இறந்தால், அவருக்கு வந்த கடிதங்கள் எழுத்துக் குவியலாகவே நின்றுவிடும். சொல்லாமலே போன வைத்தியரின் மருந்து போல.

மெயில்வெலோப்பைப் பயன்படுத்தத் தொடங்கும் ஒருவர், உதாரணத்துக்குச் சூரமங்கலத்தில் இருக்கும் ஒரு தகப்பனார், சிங்கப்பூரில் இருக்கும் மகளுக்கு முதல் மடல் அனுப்பும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. தனக்குக் கிடைத்த பூட்டு உண்மையிலேயே மகளுடையதா, நடுவில் யாராவது மாற்றிவைத்ததா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு சாவிக்கும் பொதுவாக நாற்பது எழுத்தும் எண்ணும் கொண்ட ஒரு கைரேகை உண்டு, பி.ஜி.பி. உலகில் அதற்கு அந்தப் பெயர்தான். பிரவுசர் அதைத் திரையில் காட்டும். ஆனால் சொல்வது மகள்தான் என்று பிரவுசரால் உறுதி செய்ய முடியாது. அதனால் போனைப் போடுகிறார். மகள் நான்கு நான்காக வாசிக்கிறாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையில் விரல் வைத்து ஒவ்வொன்றாக ஒத்துப்பார்த்து “ம்” கொட்டுகிறார். ஆறாவது கூறில் ரயில் சத்தம் குறுக்கிடுகிறது. “இரு கண்ணு, வண்டி போகட்டும்” என்கிறார். வண்டி போன பிறகு, “எங்க விட்டோம்?” என்று கேட்டு, அவள் முதலிலிருந்தே மறுபடி வாசிக்கத் தொடங்குகிறாள்.